உங்க பாஷையில பாரம்

இந்தப் பட்டனையும் நீயாத்தான் அறுத்துட்டு வந்திருக்க. இல்லேன்னு தலையாட்டாத. தானா பிஞ்சு விழுந்திருந்தா நூல் நைஞ்சிருக்கும், துணியும் கொஞ்சம் இழுத்திருக்கும். இது பிளேடு வெச்சு வெட்டினது. போன தடவ ஜிப்பு, அதுக்கு முந்தி பாவாடை மடிப்பு. என்கிட்ட பேச்சுக் குடுக்கறதுக்குன்னே உன் வீட்டுத் துணியெல்லாம் பாழாக்கிட்ட போலிருக்கு. நேரா வந்து, அக்கா, உங்ககிட்ட எங்க ஆண்டவரைப் பத்திப் பேசணும்னு சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

சரி, தின்னிருப்பேன். அது வேற விஷயம்.

உள்ள வேண்டாம். கதவை சாத்திட்டுத்தான் வந்திருக்கேன், இங்க படிக்கட்டுலயே நில்லு. அப்புறம், சிஸ்டர்னு கூப்பிடாத. என் கூடப் பொறந்தவளே எப்பவாவதுதான் போன் பண்றா, நீ என்ன புதுசா? டெய்லரக்கான்னு கூப்பிடு. இந்தக் கட்டடத்துல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க.

உங்க கூட்டத்து மேல எனக்கு மொதல்ல கோபமே கிடையாது. லெட்டர் பாக்ஸ்ல நோட்டீஸ் போட்டீங்க, போடட்டும்னு விட்டேன். நல்ல தடிமனான காகிதம், ஊசி குத்தி வெச்சுக்க வசதியா இருந்துச்சு. கார் நிறுத்தற எடத்துல பாய் விரிச்சு பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தீங்க. கணக்கோட பாட்டும் வந்துச்சு. என் பொண்ணு பாத்ரூம்ல உங்க பாட்டத்தான் பாடறா. பாடிட்டுப் போறா, மார்க்கும் ஏறியிருக்கு.

நீதான்மா தாங்க முடியல. லிஃப்டுல நீ, பஸ் ஸ்டாப்புல நீ, காய்கறிக் கடையில தக்காளி பொறுக்கிட்டு நிமிந்தா அங்கயும் நீ. மழை வரும் போலிருக்கேன்னா, அந்த மழையக் குடுக்கறது யாருன்னு ஆரம்பிப்ப. முட்டி வலிக்குதுன்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். முட்டி போட்டா எல்லா வலியும் போயிடும்னியே, யார்கிட்டயாவது சொல்ற பேச்சா அது?

சிரிக்காத. சிரிக்கற விஷயத்துக்கா உன்னை இங்க நிறுத்தி வெச்சிருக்கேன்?

போன வியாழக்கிழமை என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? நான் ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சுக்கிட்டிருந்தேன். மிஷின் சத்தத்துக்கு மேல நீ கத்திச் சொன்ன, பெரியவரை நெனச்சா ரொம்பப் பாரமா இருக்குன்னு. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது, தெனம் நாலு பேர்கிட்ட சொல்ற வார்த்தை.

என் மிஷினுக்குப் பக்கத்துல ஒரு கர்ட்டன் தொங்குதே, அதுக்குப் பின்னாடிதான் என் மாமனார் படுத்திருக்காரு. ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. காது விழல. நீ கண்ண மூடிக்கிட்டு முணுமுணுக்கறதுகூட அவருக்குக் கேக்கும். அவர் என்ன வேலை பாத்தவர்னு உனக்குத் தெரியுமா? கேட்டிருந்தாத்தானே தெரியும். அவரோட ஆத்துமா எங்க போகும்னு கேட்ட, அவர் எங்க வேலைக்குப் போனாருன்னு ஒரு தடவகூட கேக்கல. குடோன்ல மூட்டை தூக்கினவரு. ஆயுசு பூரா லாரியிலேருந்து பாரம் இறக்கினவரு. அவருக்கு பாரம்னா ஒண்ணே ஒண்ணுதான். முதுகு ஒடிஞ்சு, இதை எப்படா இறக்கி வைக்கப்போறோம்னு இருக்கறது.

அன்னைக்கு ராத்திரியிலேருந்து அவர் சாப்பிடல.

ஸ்பூனக் கொண்டு போனா வாயை இறுக்கி மூடிக்கறாரு. எப்பவும், ஏ பொண்ணே, எங்க செத்துப்போனன்னு அதட்டிக் கூப்பிடறவரு, இப்ப பசிக்கலம்மா, நீ போய் வேலையப் பாரும்மாங்கறாரு. அந்த மரியாதைக்கு அவர் அதட்டறதே தேவலாம். தண்ணியும் ஒரு மடக்குக்கு மேல குடிக்கறதில்ல. குடிச்சா ஒண்ணுக்கு வரும், வந்தா என்னைக் கூப்பிடணுமே. நேத்து டாக்டர் வந்து பாத்துட்டு, இப்படியே போனா தாங்க மாட்டாருன்னுட்டாரு. என் வீட்டுக்காரரு கப்பல்ல வேலைக்குப் போயிருக்காரு. அப்பா ஏன் சாப்பிட மாட்டேங்கறாருன்னு போன்ல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

அழாத. கண்ணத் துடை. வேணும்னு சொல்லலன்னு எனக்கே தெரியும். கீழ மருந்துக்கடையில இருக்கற பொண்ணு உங்க சபைதானே, அவகிட்ட விசாரிச்சேன். உங்க பாஷையில பாரம்னா அக்கறையாம். ஒருத்தருக்காக மனசு கெடந்து தவிக்கறதாம். அப்ப அக்கறைன்னே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஊரு முழுக்கப் பேசற பாஷையில பேசினா உங்க ஆண்டவருக்குப் புரியாதா?

அவர்கிட்ட நான் எடுத்துச் சொல்லிப் பாத்தேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதான் நீ வரணும்ங்கறேன். கட்டில் பக்கத்துல உக்காந்து, ஐயா, உங்களை சுமைன்னு நான் சொல்லல, உங்களுக்காக அழுதேன்னு சொல்லு. ஜெபம் பண்ணணும்னா அதையும் பண்ணிக்கோ, வாயே தொறக்க மாட்டேன். ரெண்டு வாய் சாப்பாடு அவருக்கு உள்ள போனாப் போதும்.

என்ன? நான் சொன்னா ஏன் நம்பலைன்னு கேக்கறியா?

நீ பாரம்னு சொன்னதும் நான் மிஷினை நிறுத்திட்டு உனக்குப் பதில் சொன்னேன்ல. ஆமா, எனக்கும்தான்னேன். உனக்கு ஒரே சந்தோஷம். ஆண்டவர் என் மனசுல பேசிட்டாருன்னு என் கையப் பிடிச்சுக்கிட்ட. எனக்கு உங்க பாஷை தெரியாதும்மா. அவருக்குத் தெரிஞ்ச பாரம்தான் எனக்கும் தெரியும், அதைத்தான் சொன்னேன்.

வா, போலாம். நீ சொன்னதுக்கு மட்டும் அர்த்தம் சொல்லு. நான் சொன்னதப் பத்திக் கேட்டார்னா, மிஷின் ஓடிட்டிருந்துச்சு, காதுல விழலன்னு சொல்லிடு. பொய் சொல்றது பாவம்னு எனக்கும் தெரியும். எனக்காக அந்த ஒரு பொய்ய மட்டும் சொல்லிடும்மா.