கரடிக்கு இருபது பக்கம்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருந்து வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், தம்பியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் அவர்களே! கணவரை இழந்து முதல் வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் மாடிப்படியில் நிற்பவர்களே, எங்கள் வாசகர் வட்டத்து நண்பர்களே! உங்கள் எல்லோரையும் கனத்த மனதோடு வணங்குகிறேன்.

என்னைப் பலருக்குத் தெரியும். இந்த மாடிக்குக் கீழே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே காலம் தள்ளுகிறவன். பயம் என் தொழில். ஆனாலும் இன்று இந்த மைக்கின் முன்னால் பயப்படுவதுபோல் எந்தச் சாலையிலும் பயந்ததில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்லிவிட்டு நழுவலாம் என்று பார்த்தேன். முடியாது போலிருக்கிறது. அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யாரை இழந்திருக்கிறோம் நாம்? ஒரு மருந்துக்கடைக்காரரையா? மருந்துக்கடைகள் இந்தத் தெருவிலேயே நான்கு இருக்கின்றன! வாசகர் வட்டத்தின் நிறுவனரை இழந்தோம். எங்கள் தலைவரை இழந்தோம். நாங்கள் செல்லமாகவும் சில சமயம் எரிச்சலாகவும் 'பக்கவிளைவு அண்ணன்' என்று கூப்பிட்ட அந்த மாமனிதரை இழந்தோம்!

ஏன் அந்தப் பெயர்? அவர் கடையில் மாத்திரை வாங்கியவர்களுக்குத் தெரியும். சும்மா தரமாட்டார். "வெறும் வயித்துல போடாதீங்க. தூக்கம் வரும், வண்டி எடுக்காதீங்க. வாய் கசக்கும், அதுக்காக நிறுத்திடாதீங்க" என்று எல்லாம் சொன்ன பிறகுதான் உறை கைக்கு வரும். புத்தகத்துக்கும் அதே சட்டம்தான். குறையைச் சொல்லாமல் ஒரு புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுப்பது, பக்கவிளைவைச் சொல்லாமல் மருந்து விற்பதற்குச் சமம் என்பார்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடம் முழுக்கப் படிப்போம். வருடத்தின் கடைசி ஞாயிறு இதே அறையில் கூடுவோம். அந்த வருடம் படித்ததில் தனக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு புத்தகத்தை ஒவ்வொருவரும் பையில் கொண்டுவர வேண்டும். எழுந்து அதைப் புகழலாம், தடையில்லை. புகழ்ந்து முடித்ததும் ஒருவர் எழுந்து அதன் குறையைச் சொல்ல வேண்டும், மனதறிந்து சொல்ல வேண்டும். கொண்டுவந்தவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குக் கைகள் உயர்ந்தால், புத்தகம் அதோ அந்த ஜன்னலோர அலமாரியில் ஏறும். ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய்ப் படிக்கலாம். பதில் இல்லையென்றால் வந்த பையிலேயே வீட்டுக்குத் திரும்பும்.

குறை சொல்லும் அந்த வேலையை யார் செய்தார்கள்? நாமா செய்தோம்? முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு ஏது துணிச்சல்! எல்லாவற்றையும் அண்ணனே செய்தார். அந்த ஞாயிறு நெருங்கினாலே, அவர் எந்தக் குறையைப் பிடிப்பாரோ என்று நாமெல்லாம் புத்தகத்தை இன்னொரு முறை புரட்டுவோம். அவருடைய புத்தகத்தின் முறை வரும்போது மட்டும் யாரையாவது கைகாட்டி எழுப்பிவிடுவார். "கூச்சப்படாம திட்டுங்க" என்பார். பதில் சொல்ல முடியாமல் அவரே தன் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போன வருடமும் உண்டு.

பேக்கரிக்காரர் இங்கேதான் இருக்கிறார். அவர் ஒரு தடித்த காதல் நாவலைக் கொண்டுவந்த வருடம் நினைவிருக்கிறதா? அதற்கு முன் அவர் நம்மிடம் சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசியதில்லை. அண்ணன் எழுந்தார். "கதாநாயகி பாதிப் புத்தகம் முழுக்க ஜன்னலோரத்துல நின்னுக்கிட்டே இருக்கா. கால் வலிக்காதா அவளுக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. "நான் தினமும் அடுப்பு முன்னாடி நிக்கிறேனே, எனக்குக் கால் வலிக்காதா? பெத்த பொண்ணு வாரத்துல ஒருநாள் கடை வழியா பஸ்ஸுல போகும். கையாட்டும். அதுக்காக நிக்கிறப்ப வலியாவது ஒண்ணாவது!" என்றார். அண்ணன் கைகளை எண்ணக்கூட இல்லை, தானே புத்தகத்தை எடுத்துப் போய் அலமாரியில் வைத்தார். அந்த வருடம் ஊர் அதிகம் படித்த புத்தகம் அதுதான்.

என் துப்பறியும் கதையையும் அவர் விட்டுவைக்கவில்லை. "கொலைகாரன் யாருன்னு முப்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சே தம்பி" என்றார். "தெரிஞ்சும் ஏண்ணே கடைசி வரைக்கும் படிச்சீங்க?" என்றேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். என்னை எதிர்த்துப் பேசி, எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

போன வாரம், கடையில் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இன்று வருடத்தின் கடைசி ஞாயிறு. அவர் கூட்ட வேண்டிய கூட்டத்தில் அவருக்கு இரங்கல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மடியில் பைகள் இருக்கின்றன. பார்க்காததுபோல் நானும் எத்தனை நேரம்தான் நடிப்பேன்?

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் அண்ணி என் பள்ளிக்கு வந்தார். மேசையில் ஒரு நாவலை வைத்தார். "இந்த வருஷம் அவருக்கு ரொம்பப் பிடிச்சது இது. ஞாயித்துக்கிழமை யார் எதிர்க்கப் போறீங்க?" என்றார். "அண்ணி, இரங்கல் கூட்டத்துல போய் எப்படி…" என்று இழுத்தேன். "அப்ப எதிர்க்காம எப்படி அலமாரியில ஏறும்? பையிலயே கெடக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருவர் வீட்டுக்கு விருந்தாளி. பேக்கரிக்காரர்தான் உள்ளதைச் சொன்னார்: "போனவர் ஆசையா வச்சிருந்ததுங்க. வாய் கூசுது." எனக்கு மட்டும் கூசாதா? மறைந்தவரின் அண்ணன் மேடையில் இருக்கிறார். அவர் மனைவி எதிரில் இருக்கிறார். இவர்கள் நடுவில் நின்று, அவர் கடைசியாக நேசித்த புத்தகத்தைக் குறை சொன்னால் என்னை என்னவென்று நினைப்பீர்கள்? சொல்லாமல் விட்டால்? எல்லோரும் கைதட்டி அதை அலமாரியில் ஏற்றிவிட்டால்? அடுத்த வருடம் எல்லாமே கைதட்டலில் ஏறிவிடும். பிறகு எந்தப் புத்தகத்துக்காகவும் யாரும் வாய் திறக்க மாட்டோம். அண்ணன் அன்றைக்குத்தான் முழுதாகச் செத்துப்போவார்.

கூட்டத் தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். "இரங்கல் கூட்டம்ங்க இது, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு உட்காருங்க" என்கிறார். ஐயா, மன்னியுங்கள். நல்ல வார்த்தை சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் கசக்கும்.

பயிற்சிக்கு ஆள் வராத நேரமெல்லாம் காரிலேயே உட்கார்ந்து அந்த நாவலைப் படித்தேன். மிருகக்காட்சி சாலைக் காவலர் ஒருவர் தன் கதையைத் தானே சொல்கிறார். கூண்டில் ஒரு கிழட்டுக் கரடி. அதற்கு அவர் உணவு வைக்கிறார், அது சாப்பிட மறுக்கிறது, அதன் மனதில் என்ன ஓடும் என்று இவர் யோசிக்கிறார். இருபது பக்கம்! அருமையான இருபது பக்கம், நானே காரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். ஆனால் அவையோரே, அந்த ஆளுக்கு வீட்டில் ஒரு மனைவி இருக்கிறாள். சாப்பாடு கட்டித் தருகிறாள். கதவைச் சாத்துகிறாள். புத்தகம் முடியும்வரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை! கரடிக்கு இருபது பக்கம் மனம் இருக்கிறது. அவளுக்கு ஒரு வரி இல்லையா? எழுதியவருக்கு மறந்துபோனதா? அப்படி மறந்த புத்தகத்தை எங்கள் அண்ணன் எப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்? இது என் எதிர்ப்பு. மனதறிந்து சொல்கிறேன்.

சொல்லிவிட்டேன். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. அவருக்காக யார் பேசுவீர்கள்? யாராவது? தயவுசெய்து யாராவது…

அண்ணி எழுந்துவிட்டார். மைக்கை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். சொல்லுங்கள் அண்ணி.

"தம்பி சொன்னது சரிதான். நானும் அவர்கிட்ட இதையேதான் கேட்டேன். நான் ஆஸ்பத்திரியில நர்ஸு, ஞாயித்துக்கிழமை டியூட்டி இருக்கும். அதான் இங்க வந்ததில்ல. எங்க வலிக்குது, எப்படி இருக்குன்னு நாள் முழுக்க அடுத்தவங்களைக் கேக்குறது என் வேலை. அதனாலயோ என்னவோ, அந்தப் பொம்பளையை யாருமே ஒண்ணும் கேக்கலையேன்னு எனக்குக் கோவம் வந்துச்சு. அவர் சொன்னார்: 'எழுதினவன் மறக்கல. வேணும்னே விட்டிருக்கான். கதை சொல்ற அந்த ஆளுக்குக் கரடி மனசு அத்துப்படி, பொண்டாட்டி மனசு தெரியாது. தெரியலைங்கிறதே அவனுக்குத் தெரியல. அதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.' சொல்லிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம், 'ஆமா, நீ காலையிலேருந்து என்ன நெனச்சுக்கிட்டு இருக்கே?'ன்னார். கல்யாணமான நாள்லேருந்து அப்படி ஒருநாளும் கேட்டதில்ல. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. செருப்பை மாட்டிக்கிட்டே, 'சாயங்காலம் வந்து சொல்றேன்'னுட்டுக் கெளம்பிட்டேன். அன்னைக்கு மத்தியானம்தான் கடையிலேருந்து போன் வந்துச்சு. அவர் பதில் இதுதான். கை தூக்குறவங்க தூக்குங்க."

தூக்கிவிட்டார்கள் அண்ணி. தலைவர் ஐயாவும் தூக்கியிருக்கிறார். பேக்கரிக்காரரே, புத்தகத்தை அலமாரியில் வையுங்கள்.

அவையோரே, உறுதி சொல்வோம்! குறை சொல்லாமல் இனி எந்தப் புத்தகமும் அந்த அலமாரியில் ஏறாது. எதிர்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், பயந்துகொண்டேதான் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் பைகளைத் திறக்கலாம், இன்றைக்கே திறக்கலாம். ஆனால் மறைந்தவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லா இரங்கல் கூட்டங்களிலும் சொல்கிறோமே, அவர் விட்டுச்சென்ற பணி ஒன்று அதற்கு முன்னால் நிற்கிறது.

அண்ணி, உட்காராதீர்கள். மைக் உங்களிடமே இருக்கட்டும். அன்று காலையிலிருந்து நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? இங்கே யாருக்கும் அவசரமில்லை. சொல்லுங்கள், கேட்கிறோம்.