மாதாவும் கமெராவும்

வீடு வாங்கும்போது சமையலறை எந்தத் திசை பார்க்கிறது என்று திசைகாட்டியோடு போய்ப் பார்த்தவன் நான். கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்றே அது எங்கள் பக்கம் திரும்பி வந்தது.

ஆகவே, தோர்ண்டன் ஹீத் பேருந்தில் முன் இருக்கை அம்மா தன் கணவரிடம், “போன மாதம் உங்கட வயித்துக்குள்ள கமெரா விட்டாங்கள். இப்ப வீட்டின்ர வயித்துக்குள்ளயும் விடுறாங்கள்” என்றபோது காதைத் தீட்டிக்கொண்டேன். சோதனையைப் பார்த்துக்கொண்டு நிற்க மனமில்லாமல், மகளை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் பேருந்து ஏறியிருந்தார்கள்.

“எங்கட வீட்டை வாங்கிறவை கழிவுக் குழாயைப் பாக்காமல் கையெழுத்துப் போடமாட்டினமாம். நியாயம்தானே? நீர்தான் திருநாளுக்குத் திருநாள் ரோல்ஸ் பொரிச்ச எண்ணெயைச் சிங்குக்குள்ள ஊத்தினீர்,” என்றார் கணவர்.

“கோயிலுக்குச் செய்தது. மாதா பாத்துக்கொள்ளுவா.”

“மாதா பாப்பா. கமெராவும் பாக்கும்.”

அம்மா அவர் முழங்காலில் கையை வைத்தார். “இது விக்காட்டி, இந்தக் காலோட இன்னும் எவ்வளவு காலத்துக்கு மாடிப்படி ஏறப்போறியள்?”

அவர் பதில் சொல்வதற்குள் மகள் கைபேசியில் அழைத்தாள். அவரே எடுத்தார்.

“ஓம் பிள்ளை... ஓம்... ஒரு அடைப்பும் இல்லையாம்!”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

“அப்ப அவ்வளவு எண்ணெயும் எங்க போனது?” என்று கேட்டார் கணவர்.

“பொதுக் குழாய்தானே. பக்கத்து வீட்டடியில நிக்கும்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். சிங்கில் இறங்காமல் நின்ற தண்ணீருக்குள் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருந்த மனைவி சிரிக்கவில்லை.

“அவை எந்தத் தெரு எண்டு கேட்டனீங்களோ?”