கபிரியேலின் காய்ச்சலுக்கு நான் எழுதிய பெயர்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே! குமுளி மலையின் குளிருக்கும் மழைக்கும் குனியாத பெரியவர்களே! ஏலம் பறித்த விரல்களின் மணம் மாறாமல் வந்திருக்கும் என் தாய்மார்களே! அனைவரையும் நெஞ்சாரக் கைகூப்பி வணங்குகிறேன்.

இந்த மழைக்காலக் காய்ச்சல் முகாமில் என் பெருமையைப் பேச நான் வரவில்லை. ஒரு தவற்றைச் சொல்ல வந்தேன். யார் தவறு? இந்த மருத்துவனின் தவறு!

மூன்றாண்டுக்கு முன் உங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கபிரியேல் காய்ச்சலோடு வந்தார். படுக்கையில் கிடந்தபடியே செவிலியரைச் சிரிக்கவைத்த மனிதர். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. ஊரெங்கும் டெங்கு. நானும் டெங்கு என்றே எழுதினேன்; அடிக்கோடிட்டு எழுதினேன்! நான்காம் நாள் அவர் இறந்துபோனார்.

"டாக்டரய்யா, மெய்யாவே டெங்குதானா?" என்று கேட்டார் அவர் மனைவி செபமாலையம்மாள். அந்தக் கேள்விக்கு முன் என் பட்டம் என்ன ஆயிற்று? என் பதவி என்ன ஆயிற்று?

"சந்தேகமா இருக்கும்மா. பிரேதப் பரிசோதனை செஞ்சாத்தான் தெரியும்."

உறவினர்கள் கொதித்தார்கள். "செத்த மனுசனக் கூறு போடவா?"

செபமாலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லயத்துல இன்னும் மூணு பேரு இதே காய்ச்சல்ல கெடக்காக. அவுகளாவது பொழைக்கட்டும். பாருங்கய்யா."

பரிசோதனை மருத்துவர்கள் பார்த்தார்கள். அக்குளில், சுருட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த புண். சிற்றுண்ணி கடித்த தடம்; உண்ணிக்காய்ச்சல்! சாதாரண மாத்திரைக்கு அடங்கும் நோய். அவர் கையைத் தூக்கி நான் பார்த்திருந்தால்? பார்க்கவில்லை, என் மக்களே, பார்க்கவில்லை!

அன்று மாலையே ஜீப்பில் லயத்துக்கு விரைந்தேன். மூவருக்கும் மருந்து; மூவரும் பிழைத்தார்கள். யாரம்மா அங்கே கையைத் தூக்குவது? மாரித்தாயா? ஆம், அந்த மூவரில் ஒருவர். கைதட்டுங்கள்!

பிறகு செபமாலையம்மாளின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது; அவர் கதவை அகலத் திறந்தார்.

"கோவம் இருக்குய்யா. இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா மறைக்காமச் சொன்னீக. உள்ள வாங்க, நனையாதீக."

அதன்பின் இன்றுவரை பதினொரு குடும்பங்கள் அவரைப் போலவே பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தன. எட்டுப் பேருக்கு நான் எழுதியது சரி. மூவருக்குத் தவறு! திறந்தே பார்க்காதிருந்தால், பதினொன்றும் சரியென்று மார்தட்டியிருக்க மாட்டேனா? தவறு தெரியாத மருத்துவன் எப்படித் திருந்துவான்? திருந்தாத மருத்துவனிடம் உங்கள் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பீர்கள்?

இன்று அந்த அம்மா என்ன செய்கிறார், தெரியுமா? காய்ச்சல் என்று கேட்டால் போதும், அந்த வீட்டுக்கே போய் அக்குளைப் பார்க்கிறார். போன வாரம் எனக்குப் போன். "அய்யா, செல்லத்துரைக்குக் கறுப்புப் புண்ணு இருக்கு. ஜீப்பு ஏத்தி விட்டுட்டேன். நீங்க டீ குடிக்கப் போயிராதீக!"

சிரியுங்கள், நானும் சிரித்தேன். செல்லத்துரை நேற்று வீடு திரும்பிவிட்டார்.

இவ்வளவு நேரம் அன்போடு செவிமடுத்த உங்களுக்கு என் நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள். வணக்கம்!