பின்பாக்கெட்டு வாசனை

இல்ல சார், நீங்க உக்காருங்க. டாக்டர் கூப்பிடுற வரைக்கும் எனக்கு நின்னாதான் சௌகரியம். எங்க கடிச்சிருக்குன்னு வெளிய சொல்லிக்க முடியாது... பேண்ட்டோட பின்பாக்கெட்டுன்னு வச்சுக்குங்களேன். உங்களுக்கு விரல்ல கட்டு. குடுத்து வச்சவரு! நாலு பேருக்குக் காட்டி ஆறுதல் வாங்கலாம். நான் எதக் காட்டுறது?

நாயா? எங்க வீட்டு நாய்தான் சார்! குட்டின்னு பேரு. ஒம்பது வயசாச்சு, இன்னும் குட்டிதான். இதுவரைக்கும் ஒருத்தரக் கடிச்சதில்ல. தபால்காரரு மணியடிச்சா உள்ள ஓடிப்போயி கட்டிலுக்கு அடியில படுத்துக்கும். அப்பேர்ப்பட்ட வீரன்.

எல்லாத்துக்கும் காரணம் எங்க மாப்பிள்ளை போடுற சென்ட்டு. ஆமா, சென்ட்டு! சிரிக்காதீங்க. அது சென்ட்டே இல்லங்கறது வேற விஷயம். நான் போட்ட காலத்துல, தெருமுனையில திரும்பும்போதே வீட்ல காப்பிக்கு அடுப்பப் பத்த வச்சிருவாங்க. ஆபீசுல நான் லிஃப்ட்ல ஏறினா மத்தவங்க படியில போவாங்க. அது சென்ட்டு! இவரோடது... ஒரு சின்ன பாட்டிலு, சாம்பல் கலரு. படம் கிடையாது, தங்க மூடி கிடையாது. போட்டாரா போடலையான்னே தெரியாது. கிட்டப் போயி நின்னாதான், துவைச்ச சட்டைய நிழல்ல காயப் போட்ட மாதிரி... இப்பத்தான் சீவின பென்சில் மாதிரி... ச்சே, இதுக்கு எதுக்கு சார் காசு?

ஆளும் அப்படித்தான். அவங்க வீட்ட இடிச்சுக் கட்டுறாங்கன்னு, பொண்ணும் அவரும் கைக்குழந்தையோட எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. கதவ அடிச்சுச் சாத்த மாட்டாரு. சத்தமாப் பேச மாட்டாரு. சாப்பிட்ட தட்ட அவரே கழுவுறாரு! அப்ப எங்க வீட்டம்மா என்னைப் பாக்குற பார்வை இருக்கே... ஒரு குறையாவது கண்டுபிடிப்போம்னு பாத்தா சிக்க மாட்டேங்குறாரு சார். அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

சரி, அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இந்தக் குட்டி என்ன பண்ணுச்சு? இத்தன வருசமா என் கால்மாட்டுல படுத்த நாயி, எந்திரிச்சுப் போயி அவரு காலடியில சுருண்டுக்கிச்சு! நான் வளர்த்த நாயி சார்! எனக்கு எப்படி இருக்கும்?

சொல்றேன்... உங்களோட இருக்கட்டும். அழுக்குக் கூடையில கெடந்த அவரோட கைக்குட்டைய எடுத்தேன். குட்டிய மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போயி, மூக்குகிட்ட காட்டி, "கடிடா!"ன்னேன். கடிச்சா பிஸ்கட். தினம் சாயங்காலம் இதே பாடம். அந்த வாசனை வந்தாலே அவரப் பாத்து உறுமணும், அவ்வளவுதான் என் ஆசை. கடிக்கணும்னெல்லாம் இல்ல... அப்படிப் பாக்காதீங்க சார். சும்மா லேசா...

அவரப் பாத்து உறுமிச்சான்னு கேக்குறீங்களா? வாலாட்டுது!

இன்னிக்குப் பழைய ஆபீஸ்காரங்க எல்லாரும் கூடுறோம்னு நல்ல சட்டை போட்டேன். குளியலறையில அந்த பாட்டில் தனியா நின்னுச்சு. நான் என்ன முற்றும் துறந்தவனா? கைக்குட்டையில ரெண்டே சொட்டு. மோந்தேன். திரும்பவும் மோந்தேன். நல்லாத்தான் இருக்கு சார் அந்தக் கருமம்! மடிச்சுப் பின்பாக்கெட்டுல சொருகிட்டு, செருப்ப மாட்டக் குனிஞ்சேன்...

கத்தினேன் பாருங்க ஒரு கத்து! வலி உயிர் போகுது. திரும்பிப் பாக்குறேன். கடிச்சிட்டு, அடக்கமா உக்காந்து, என் கையவே பாக்குது சார். பிஸ்கட்டுக்கு!

இது தெரியாம மாப்பிள்ளை வெளிய போன்ல நிக்கிறாரு. "வளர்த்தவங்களையே கடிச்சிருச்சு மாமா, குழந்தை தவழுற வீடு, இனிமே வச்சிருக்க முடியாது"ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போயி, குட்டிய ஏத்திட்டுப் போக நாய் பிடிக்கிற வேனுக்குச் சொல்றாரு. அதையும் குரல உயர்த்தாமச் சொல்றாரு! நான் வாயத் திறந்தா என் மானம் கப்பலேறும். திறக்கலேன்னா சாயங்காலம் குட்டி வேன் ஏறும். அது இல்லாம நான் எப்படி சார் தூங்குவேன்? நீங்களே சொல்லுங்க...

சார்? உள்ள கூப்பிடுறாங்களா? எனக்கு ஒண்ணும் காதுல விழலையே... சரி, சரி, போங்க.

வாங்க மாப்பிள்ளை. வேனுக்குச் சொல்லிட்டீங்களா? இல்ல, தண்ணி வேணாம். முதல்ல திரும்பப் போனப் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க. குட்டி மேல ஒரு தப்பும் இல்ல. ஏன்னா... அட, வாயால சொல்ல வரலையே. இந்தாங்க, இந்தக் கைக்குட்டைய மோந்து பாருங்க.