கட்டுமரக்குப்பத்தில் காணாமல் போன பிள்ளை

"...ஒன்னர மாசம் ஆச்சி யக்கா! ஒரு சீட்டு, ஒரு சேதி? ஊஹூம்! பொறந்த மூணாம் நாளு புள்ள குதிகால்ல ஊசிய குத்தி, புச்சா இன்னாவோ சோதனைன்னு நாலு சொட்டு ரத்தத்த காயிதத்துல ஒத்திகினு போனாங்களே, அது இன்னாதான் ஆச்சி? காத்துல பறந்து பூடுச்சா?"

எமர்ஜென்சி நடந்த எழுபத்தாறாம் வருஷத்துச் சித்திரை வெயில். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இன்னாசி, டோல்கேட் பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில், நாலாவது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து அதே பெஞ்சில் அமர்ந்த அம்மாளை யார், எவர் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு இடம்விட வேண்டும். அந்தத் தாராளம் அவனிடம் கிடையாது.

"பிரசவ ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க? 'ரிசல்ட்ட ஒங்க ஏரியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம், நர்ஸம்மா வூட்டாண்டயே வந்து சொல்லுவாங்க'ன்னாங்க. இங்க வந்து கேட்டா, 'அந்தப் புள்ள ஊரு மாறிப் பூடுச்சி'ன்றாங்க! நடந்தா பூடுச்சி?... இன்னா யக்கா அப்டி பாக்குற? தங்கமான புள்ள! அழுவாது, பேஜாரு பண்ணாது, தூங்கிகினே கீது. பால் குடிக்கவே எழுப்பணும்னா பாத்துக்கயேன். குப்பமே மெச்சுது. எம் பொஞ்சாதி பிலோமிதான், 'இது சமத்து இல்லய்யா, இன்னாவோ கொறை'ன்னு ரெண்டு நாளா அழுவுறா. அதான் தூக்கிகினு ஓடியாந்தேன்..."

அம்மாள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மேலே பேசலாம் என்று அனுமதி கிடைத்ததாக இன்னாசி எடுத்துக்கொண்டான்.

"வேண்டாததுக்கு மட்டும் வூடு தேடி வருவாங்க யக்கா! குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்ரேஷனுக்கு ஆள் புடிக்க ஒருத்தி வந்தா பாரு, மூணு தபா! கைல ஃபைலு வேற. 'இன்னாசி வூடு இதானே?'ன்றா. எங்க குப்பத்து பரசுராமன இப்டித்தான் நைசா பேசி இட்டுகினு போயி ஆப்ரேஷன் பண்ணி வுட்டாங்க. நான் சிக்குவனா? மொத தபா கூரை மேல ஏறிகினேன். ரெண்டாந்தபா, கவுத்து வச்ச படகுக்கு அடியில. அவ காலு மட்டுந்தான் தெரிஞ்சுது. மூணாந்தபா, பக்கத்து வூட்டு பச்சையம்மாவ வுட்டு, 'குடும்பத்தோட வள்ளூருக்குப் பூட்டாங்க'ன்னு சொல்ல வச்சேன். எப்டி நம்ம மூளை!"

இந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பது வழக்கம். அம்மாள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். இன்னாசி எழுத்துக்கூட்டிப் படித்தான்: 'பிலோமி, ஆண் குழந்தை. தைராய்டு சுரப்பு குறைவு; தாமதித்தால் மூளை வளர்ச்சி கெடும். உடனே மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.' அதன் கீழே, வீட்டுக்கு வந்துபோன மூன்று தேதிகள். கடைசியாக, 'வள்ளூரில் தெருத்தெருவாகத் தேடினேன். இல்லை. செல்லம்மா, நர்ஸ்.'

"நீயா யம்மா?... அப்போ... என்ன புடிக்க வரலியா? புள்ளைக்காவா வந்த?"

செல்லம்மா பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு, வரிசையைத் தாண்டி டாக்டர் அறைக்கு நடந்தாள். இன்னாசி வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

"யம்மா, நாள் கடந்து பூடலியே? மருந்து குடுத்தா தேறிடுவானா? நாந்தாம்மா கெடுத்தது... திட்டிக்க, அடிச்சிக்க... அவன மொதல்ல பாரு யம்மா! அப்பால அந்த ஆப்ரேஷனுக்கு நானே வந்து படுத்துக்கறேன்!"