அவிழ்க்காமல் விட்ட முடிச்சு

கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்காருங்கள். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்...

ராத்திரி ஒன்றேகால் மணி. எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதம். மானாம்பதியிலிருந்து ஏரிக்கரையை ஒட்டிக் கழனிக்குப் போகும் வண்டிப்பாதை. நம் தெரு சுலோச்சனாவின் கொழுந்தன் முத்துவேல் ஒற்றை ஆளாக டார்ச் லைட்டோடு போய்க்கொண்டிருந்தான். ஆசைப்பட்டுப் போகவில்லை. அந்த வருஷம் மோட்டார் ஓடுகிற கரண்டே ராத்திரி ஒன்றரைக்குத்தான் வந்தது. நவரைப் பட்டத்து நெல் தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா செத்து ஏழு நாள்தான் ஆகிறது என்று சொன்னால் பயிர் கேட்குமா?

பெரியம்மா என்றால் கோவிந்தம்மாள். முத்துவேலைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். பிள்ளையில்லாத கோவிந்தம்மாள்தான் அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள். எழுபது வயதிலும் சரக் சரக்கென்று நடப்பாள், கூடப் போகிறவன் ஓடத்தான் வேண்டும். முட்டிக்கு விளக்கெண்ணெய் தேய்த்தபடியே இருப்பாள். முதலில் அந்த வாசனை வரும், பின்னாலேயே அவள் வருவாள்.

முத்துவேலுக்குப் பெண் பிறந்ததும் அந்தக் குழந்தையே அவளுக்கு உலகம் ஆகிவிட்டது. தூளிக்கு அடியில்தான் படுப்பாள். அவள் போன நாளிலிருந்து அந்த எட்டு மாதக் குழந்தை ஒரு ராத்திரியும் தூங்கவில்லை. முத்துவேலும்தான் தூங்கவில்லை. ஆனால் அவன் அதை வெளியே சொல்லவில்லை.

ஏரி மதகைத் தாண்டினான். பின்னால் ஒரு சத்தம்.

தொப்...

பனம்பழம் விழுகிறது என்று நினைத்தான். பங்குனியில் ஏது பனம்பழம்?

தொப்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... தொப்.

அவன் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் பின்னாலேயே வந்தது. கனமான ஏதோ ஒன்று எம்பி எம்பிக் குதிக்கிற சத்தம். காற்றில்... விளக்கெண்ணெய் வாசனை.

அப்போதுதான் அவனுக்கு இடுகாடு ஞாபகம் வந்தது. செத்தவர்களின் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டுவோம் இல்லையா? குழியில் இறக்குமுன் காரியம் செய்கிறவன் அதை அவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிறவர் எப்படி நடந்து போவார்?

அவளை அடக்கம் செய்த அன்று பொழுது சாய்ந்துவிட்டது. குழி வெட்டிய பெரியவர் இருசப்பன் கேட்டார்.

"கட்டெல்லாம் அவுத்துட்டியா நைனா? கால்ல கீற கட்டு?"

முத்துவேல் துண்டில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தான்.

"அவுத்துட்டேன்" என்றான்.

தாடைக் கட்டை அவிழ்த்திருந்தான். கைக் கட்டை அவிழ்த்திருந்தான். காலை... தொடவே இல்லை.

ஓடினான். மோட்டார் கொட்டாய்க்குள் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். தொப்... தொப்... கதவுக்கு வெளியே வந்து நின்றது. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. பிறகு குரல். கோபமே இல்லாத குரல்.

"முத்து... குனிஞ்சி அவுத்து வுடுடா. நடக்க முடில."

பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். ஏழு நாளாக இந்தக் காலோடு அவள் எங்கெல்லாம் குதித்துக்கொண்டிருந்தாளோ! கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவைத் திறந்தான். மண்டியிட்டுத் துழாவினான். சில்லென்று இரண்டு கால். ஈர மண். நடுவில் துணி. முடிச்சு இறுகிப்போய்க் கைக்கு வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். வாயெல்லாம் மண்.

அவிழ்ந்தது.

"போ பெரிம்மா. நல்லபடியாப் போய்ச் சேரு."

தலையை ஒரு கை தடவியது. எண்ணெய்ப் பிசுக்கு. அடுத்த நொடி... சரக் சரக் சரக். அதே பழைய நடை! முத்துவேல் சின்னப் பிள்ளையைப் போல விம்மி அழுதான். இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிய மாதிரி இருந்தது.

அழுகை ஓய்ந்த பிறகுதான் காதைத் தீட்டிக் கேட்டான். இடுகாடு இருப்பது மேற்கே. நடை கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

கிழக்கே அவன் வீடு.

கையைப் பார்த்தான். அவிழ்த்த துணியைக் காணோம்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினான். வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அவன் பெண்சாதி அம்முலு பாயில் புரண்டு படுத்து, தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்.

"மாமா, இம்மா நேரம் தூளிய ஆட்டிக்கினு இருந்தது நீதான? இன்னிக்குத்தான் புள்ள நல்லாத் தூங்குது."

தூளி இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

தூளித் துணியை விலக்கி டார்ச் அடித்தான். குழந்தை சிரித்த முகமாகத் தூங்கியது. பிஞ்சுக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது... மண் ஒட்டிய வெள்ளைத் துணி.

இந்த முறை யாரும் கேட்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. அவிழ்த்தான். முடிச்சு விட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. கையில் இருந்த துணியை மறுபடியும் காணோம்.

வெளியே, வாசலில்...

தொப்.