பட்டுவின் முன்னங்கால்

எனக்குத் தையல் அவ்வளவாக வராது. நடந்ததை வாயால் சொன்னால் வளவளவென்று இழுப்பேன், எழுதிக் கொடு என்று அத்தான் சொன்னதால் எழுதுகிறேன். அக்காவும் படிக்கலாம். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

பொம்மைக் கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று இந்த வீட்டில் யாரும் சரியாகக் கேட்டதில்லை. பஞ்சடைத்த பிராணிகளோடு தொங்கும் அட்டையில், அந்தப் பிராணியைப் பற்றி நான்கு வரி எழுதுவது நான்தான். பதினொரு வருடத்தில் ஒரு வரிகூடப் பொய் எழுதியதில்லை. ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாக எழுதச் சொன்ன மேனேஜரோடு ஆறு மாதம் பேசவில்லை.

அக்கா மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு டரான்டுலா பொம்மை கொடுத்தேன். இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்தி, கறுப்பு வெல்வெட் உடம்பு, ஆரஞ்சு நிற முட்டிகள்.

"குழந்தைக்கு வேற பொம்மையே கிடைக்கலையாடா உனக்கு?" என்று அக்கா முகம் சுளித்தாள். குழந்தையோ அதற்குப் பட்டு என்று பேர் வைத்துத் தலையணையில் பாதி இடம் கொடுத்தாள். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்து, மீட்டர் பார்க்க வந்தவர்வரை எல்லோருக்கும் ஒப்பித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டே மாதத்தில் அலமாரிக் கதவில் மாட்டி ஒரு முன்னங்கால் பிய்ந்து, அதுவும் குப்பையோடு போய்விட்டது. அவள் அழவில்லை. கால் போனால் அடுத்த முறை தோல் உரிக்கும்போது புதிதாக முளைக்கும் என்பது அட்டையின் முதல் வரி. தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள். பத்தாம் நாள் என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்க எழுதினது நிஜந்தானே?"

அந்தக் கேள்வி என்னை என்ன பாடு படுத்தியது என்று அத்தானுக்குப் புரியாது. மறுநாள் லீவு போட்டேன். கம்பெனி வெல்வெட்டில் ஒரு கால் தைத்து ஒட்டவைத்து, பக்கத்தில் பஞ்சில்லாத காலி உறை ஒன்றையும் உரித்த தோலாகப் போட்டுவைத்தேன். சாயங்காலம் அவள் வீடு முழுக்கக் குதித்தாள். அன்று அத்தானும்தான் கைதட்டினார்.

போன வாரம் என் மடியில் உட்கார்ந்து அந்தப் புதுக்காலைக் காட்டினாள். "மாமா, முட்டிக்கிட்ட என்னமோ வளைஞ்சு நிக்குது பாருங்க."

நூல் முனை. நான் நறுக்க மறந்தது. அதைச் சொன்னால் கால் முளைக்கவில்லை, மாமா தைத்தது என்றாகிவிடும். குழந்தைக்கு என் மேல் நம்பிக்கை போய்விடும். ஆகவே, அட்டையில் இடம் போதாமல் விட்ட ஒரு தகவலைச் சொன்னேன்.

"அது கொக்கிம்மா. ஆண் டரான்டுலா கடைசியா தோல் உரிச்சதும் முன்னங்கால்ல வரும்."

"அப்ப பட்டு ஆம்பளையா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. நான்காவது வரி அவளுக்கு மனப்பாடம். பெண் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். ஆண் வளர்ந்து முடித்தபின் அதிக நாள் இருக்காது.

"இன்னும் எத்தனை நாள் மாமா?" என்று தினமும் கேட்டாள். சரியாகச் சாப்பிடவில்லை. பட்டுவைக் கீழே வைக்கவில்லை. ஒரு குழந்தையை இப்படி இழுத்தடிப்பது கொடுமை என்று எனக்குப் பட்டது. செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும், பட்டுவின் எட்டுக் கால்களையும் வயிற்றுக்கடியில் மடக்கி இறுக்கித் தைத்தேன். செத்த சிலந்தியின் கால்கள் அப்படித்தான் சுருளும். அது மூன்றாவது வரி, மேனேஜர் வேண்டாம் என்று கெஞ்சியது. பிறகு தலையணையில் குப்புற வைத்தேன். மல்லாத்தி வைத்தால் தோல் உரிக்கிறது என்று நினைத்துக்கொள்வாள், இரண்டாவது வரி அதுதான். குழந்தைக்கு வீண் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

அவள் அழுத அழுகையை நானும் கேட்டேன். "பிரிடா அந்தத் தையலை," என்று அக்கா கத்தரிக்கோலை என் முன்னால் வீசினாள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் செத்தது எழுந்து வரும் என்று நான் எந்த அட்டையிலும் எழுதியதில்லை.

நான்கு நாளாக முகம் கொடுக்காதவள் இன்று காலை என் அறை வாசலில் வந்து நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, நீங்க ஆம்பளைதானே? முழுசா வளர்ந்து முடிச்சிட்டீங்களா?"

ஆமாம் என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்கு என் மேல் கோபமெல்லாம் இல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்.